ஒரே டாலர், இரண்டு அரசுகள்: சிங்கப்பூரும் புருணையும் குடிமக்களுக்கு என்ன தருகின்றன?

சிங்கப்பூர்க் கடையொன்றில் புருணையின் 10 டாலர் நோட்டை நீட்டினால், கல்லாவில் இருப்பவர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். புருணைத் தலைநகர் பண்டார் ஸ்ரீ பகவானில் சிங்கப்பூர் நோட்டுக்கும் அதே மரியாதை. 1967 ஜூன் 12 அன்று போட்ட ஒப்பந்தப்படி இரண்டு டாலரும் ஒன்றுக்கு ஒன்று. முதலில் மலேசியாவும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. 1973இல் அது விலகிக்கொண்டது; மற்ற இரண்டும் இன்றுவரை விடவில்லை. ஒப்பிட உட்காருகிறவருக்கு இது பெரிய வசதி. வேறு எந்த இரு நாடுகளை எடுத்தாலும் நாணய மாற்று விகிதத்திலேயே பாதிக் கணக்கு குழம்பும். இங்கே இந்த ஊர் பெட்ரோல் விலையையும் அந்த ஊர் பெட்ரோல் விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இரண்டும் பிரிட்டிஷாரின் கையில் இருந்தவை. 1963இல் மலேசியக் கூட்டரசு உருவானபோது இரண்டுக்கும் அழைப்பு வந்தது. சிங்கப்பூர் சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்தது. புருணை சேரவே இல்லை. 1984 ஜனவரி 1இல்தான் முழு விடுதலை. சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர், மக்கள் 60 லட்சம். புருணைக்கு 5,765 சதுர கிலோமீட்டர், மக்கள் நாலரை லட்சம். இடம் எட்டு மடங்கு, ஆள் பதின்மூன்றில் ஒரு பங்கு. பின்னால் வரும் பல வேறுபாடுகளுக்கு இந்த ஒரு கணக்கே பாதிக் காரணம்.

இரண்டு அரசுகளையும் இங்கே சேவை நிறுவனங்களாகவே எடுத்துக்கொள்வோம். என்ன வாங்குகிறது, என்ன தருகிறது, தப்பு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பவைதான் கேள்விகள். சிங்கப்பூர் ஒவ்வொன்றுக்கும் பில் போடும் கடை, பில்லைப் பார்த்துச் சண்டை போடலாம். புருணை விருந்து வீடு. இலையில் விழுந்ததில் குறை சொல்வது மரியாதை இல்லை, அழைப்பு இல்லாதவருக்கு இலையும் இல்லை.

பணம் வரும் வழி

புருணையில் 1929இல் செரியாவில் எண்ணெய் கிடைத்தது. எடுப்பது புருணை ஷெல் பெட்ரோலியம். பாதி அரசுடையது, பாதி ஷெல்லுடையது. 1970களின் தொடக்கத்திலிருந்து லுமுட்டில் எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். இந்த இரண்டு வரவும் இருந்ததால் தனிநபர் வருமான வரி என்ற ஒன்றையே அரசு போடவில்லை. பொருள் சேவை வரியும் கிடையாது. நிறுவனங்களுக்கு 18.5 சதவீதம், எண்ணெய் நிறுவனங்களுக்கு 55 சதவீதம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் தோண்டி எடுக்க ஒன்றுமில்லை. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலைகள், மின்னணுச் சில்லுகள், வங்கிகள், இவற்றோடு வரி. பொருள் சேவை வரி 1994இல் 3 சதவீதத்தில் தொடங்கி 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். வருமான வரியின் உச்சப் படி 24, நிறுவன வரி 17. இதற்கு மேல் ஒரு வரவு இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை: சேமிப்பின் வருமானம். அரசின் முதலீட்டு நிறுவனங்களான ஜிஐசி, தெமாசெக், மத்திய வங்கியான நாணய ஆணையம் ஆகிய மூன்றும் முதலீடு செய்து வைத்திருப்பதிலிருந்து எதிர்பார்க்கும் நீண்டகால ஆதாயத்தில் பாதி வரை ஆண்டு பட்ஜெட்டுக்கு எடுக்கலாம் என்று அரசமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. இன்று அரசின் தனித்தனி வருவாய் இனங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

புருணைக்கும் இப்படி ஒரு சேமிப்பு உண்டு: 1983இல் தொடங்கிய புருணை முதலீட்டு முகமை. ஆனால் அதன் கணக்குப் புத்தகம் வெளியே வருவதில்லை. 1998இல் சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரியின் அமெடியோ குழுமம் சரிந்தபோது, முகமையின் பணம் சுமார் 1,500 கோடி அமெரிக்க டாலர் அளவுக்கு எங்கோ போய்விட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து லண்டன் நீதிமன்றம் வரை போனது. உள்ளே என்ன இருந்தது என்பதே குடிமக்களுக்கு அப்போதுதான் ஓரளவு தெரிந்தது. சிங்கப்பூரும் இதில் முழு உத்தமர் இல்லை. தெமாசெக் ஆண்டறிக்கை போடுகிறது. ஜிஐசி மொத்தம் எவ்வளவு நிர்வகிக்கிறது என்பதை அரசு இன்றும் சொல்வதில்லை.

தலைக்கு உள்நாட்டு உற்பத்தி 2023இல் சிங்கப்பூரில் சுமார் 85,000 அமெரிக்க டாலர், புருணையில் 33,000 சுற்றி. இரண்டு எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. சிங்கப்பூர் எண்ணுக்குள் பன்னாட்டு நிறுவனங்கள் ஈட்டி வெளியே எடுத்துப்போகும் இலாபம் இருக்கிறது. புருணை எண்ணில் ஏறத்தாழ பாதி எண்ணெயும் எரிவாயுவும்; அது மானியமாக மாறித்தான் வீட்டுக்கு வருகிறது, சம்பளமாக அல்ல.

புருணையின் உண்மையான சிக்கல் நாணயத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டி விகிதத்தை வைத்து அல்ல, டாலரின் மாற்று மதிப்பை வைத்தே விலைவாசியை ஆள்கிறது. அந்த முடிவு முழுக்கச் சிங்கப்பூரின் பொருளாதாரத்தைப் பார்த்து எடுக்கப்படுவது. புருணைக்கு அது தானாக வந்து சேரும். விலைவாசி அடங்கியிருப்பது இதன் லாபம். நட்டம் 2014க்குப் பிறகு தெரிந்தது. எண்ணெய் விலை விழுந்தபோது மற்ற எண்ணெய் நாடுகள் சிலவற்றால் தம் நாணயத்தைச் சரியவிட்டுத் தாங்கிக்கொள்ள முடிந்தது, புருணையால் முடியவில்லை. பட்ஜெட் பல ஆண்டுகள் பற்றாக்குறையில் ஓடியது. இதற்கிடையில் எண்ணெய் உற்பத்தி 1979இல் தொட்ட உச்சத்தில் பாதிகூட இன்று இல்லை. 2019இல் மூவாரா பெசார் தீவில் சீனாவின் ஹெங்யி நிறுவனம் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை ஏற்றுமதி எண்ணை ஏற்றிக் காட்டியது. ஆனால் அதுவும் எண்ணெய்தான்.

வீடு: இரண்டு அரசுகளும் பெருமைப்படும் இடம்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 1960இல் தொடங்கியது. 1966 நில எடுப்புச் சட்டம் நிலத்தை அரசு மலிவாக எடுத்துக்கொள்ள வழிவிட்டது. 1968இல், சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். நிலம், கட்டுபவர், கடன், தவணை கட்டும் பணம் என நான்கும் ஒரே கையில் வந்ததுதான் வெற்றியின் சூத்திரம். இன்று குடியிருப்போரில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வீவக வீட்டில் இருக்கிறார்கள். குடும்பங்களில் சுமார் 90 சதவீதம் தாங்கள் இருக்கும் வீட்டின் உரிமையாளர்கள்.

புது வீடு வாங்கும் முறை இது. முதலில் வீவக தளத்தில் தகுதிக் கடிதம் எடுக்க வேண்டும். எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்று அதிலேயே வந்துவிடும். நாலறை வீட்டுக்குக் குடும்ப வருமானம் மாதம் 14,000 டாலருக்குள் இருக்க வேண்டும். பதிவு வாங்கிக்கொண்டு கட்டித் தரும் ‘பிடிஓ’ விற்பனை திறக்கும்போது விண்ணப்பித்தால் குலுக்கல். வரிசை எண் வந்து அழைக்கும்போது வீட்டைத் தேர்ந்தெடுத்து 2,000 டாலர் முன்பணம். பிறகு மூன்று நான்கு ஆண்டு கட்டுமானக் காத்திருப்பு. கடன் வீட்டு விலையில் 75 சதவீதம் வரை, வட்டி 2.6 சதவீதம். குடியேறி ஐந்து ஆண்டு விற்க முடியாது. 2024 அக்டோபரிலிருந்து நல்ல இடத்தில் இருக்கும் ‘பிளஸ்’, ‘பிரைம்’ வகை வீடுகளுக்கு அது பத்து ஆண்டு. திருமணமாகாத தனியாள் என்றால் 35 வயது ஆக வேண்டும்.

கோட்டைவிடும் இடங்கள் மூன்று. ஒன்று, அழைப்பு வந்தபின் பிடித்த மாடி இல்லை என்று தேர்ந்தெடுக்காமல் விடுவது. அப்படிச் செய்தால் முதல்முறை வாங்குபவர் என்ற முன்னுரிமை ஓராண்டுக்குப் போய்விடும். இரண்டாவது, திரண்ட வட்டி. சேம நிதியிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணத்தை, வீட்டை விற்கும்போது 2.5 சதவீத வட்டியோடு அதே கணக்கில் திருப்பிப் போட வேண்டும். ஒரு லட்சம் எடுத்து இருபது ஆண்டு கழித்து விற்றால் கணக்குக்குத் திரும்ப வேண்டியது ஏறத்தாழ 1,64,000. அது உங்கள் பணம்தான், யாரும் பிடுங்கவில்லை. ஆனால் வீட்டை ஐந்து லட்சத்துக்கு விற்றோம், கையில் ஏன் இவ்வளவுதான் என்று திகைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள். மூன்றாவது, 99 ஆண்டுக் குத்தகை. மிச்சக் குத்தகை வாங்குபவரின் 95 வயதுவரை வராவிட்டால் சேம நிதியை முழுதாகப் பயன்படுத்த முடியாது. 20 ஆண்டுக்கும் கீழ் என்றால் அறவே முடியாது. பழைய வீடுகளின் விலை இங்கேதான் இறங்கத் தொடங்குகிறது. குத்தகை முடிந்தால் வீடு அரசுக்கு.

நம்மவர்களுக்கு உறைக்கும் இன்னொன்று: 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச அளவு. சீனர் பங்கு நிரம்பிவிட்ட பிளாக்கில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்கப் போனால் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர். அவர்களைக் கழித்தால் பேரம் படியும் விலை தாழும். தனித்தனிச் சேரிகளாகப் பிரியாமல் காத்தது இந்த விதி. அதன் விலையைச் சிறுபான்மையினரின் பை கொடுக்கிறது. அரசும் இதை ஒப்புக்கொண்டு, விற்க முடியாமல் தவிக்கும் சில வீடுகளை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தது.

புருணையில் அடுக்குமாடி பெரும்பாலும் இல்லை, தரையோடு வீடு. சொந்த நிலமில்லாத குடிமக்களுக்குத் தேசிய வீடமைப்புத் திட்டம், பூர்வகுடி வகுப்பினருக்கு நிலக்கொடைத் திட்டம். லம்பாக் கானான், மெங்குபாவ், தானா ஜம்பு, கோலா பெலாயிட் பக்கத்துக் கம்போங் பாண்டான் என்று முழு ஊர்களே இப்படி உருவானவை. மாதத் தவணைக்கு வட்டி இல்லை. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அந்த முற்றத்தையும் கார் நிறுத்தும் கூரையையும் பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

ஆனால் வரிசை நீளம். விண்ணப்பித்துப் பத்தாண்டைத் தாண்டிக் காத்திருந்தவர்கள் உண்டு. காரணம் எளிது: தனி வீடுகளை அகலமாகப் பரப்பிக் கட்டினால் சாலை, குழாய், மின்கம்பம் எல்லாம் கூடவே நீளும், எண்ணெய் வரவு குறையும் ஆண்டில் முதலில் தள்ளிப்போவது இந்த வேலைதான். சாவி வாங்கியபின் தவணை கட்டாமல் விடுபவர்களும் நிறைய. சட்டமன்றக் கூட்டங்களில் அந்தப் பாக்கி திரும்பத் திரும்பப் பேச்சுக்கு வருகிறது. சிங்கப்பூரில் தவணை சேம நிதியிலிருந்து தானாகக் கழிகிறது, மனிதரின் மன உறுதியை நம்பவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் சிங்கப்பூர் முறைக்கு என் முழு மதிப்பெண்.

முதுமையும் மருந்தும்

சிங்கப்பூரில் 55 வயதுக்குட்பட்ட ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் மத்திய சேம நிதிக்குப் போடுகிறார்கள். 4,000 டாலர் சம்பளமென்றால் 800 பிடித்தம், 680 மேலே சேர்ந்து மாதம் 1,480. அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஓய்வுக்கும் தனித்தனிக் கணக்காகப் பிரியும். 65 வயதிலிருந்து உயிருள்ளவரை மாதப்பணம். குறை என்னவென்றால், சம்பளம் குறைந்தால் எல்லாமே குறையும். வாழ்நாள் முழுக்கத் துப்புரவு வேலை செய்தவரின் கணக்கில் பெரிதாக ஒன்றும் தேறாது. உணவங்காடி நிலையங்களில் தட்டெடுக்கும் எழுபது வயதுக்காரர்கள் அங்கே புதிதல்ல.

புருணையில் 60 வயதான குடிமகனுக்கு, வேலை பார்த்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் 250 டாலர். 1955இலேயே தொடங்கிய திட்டம். அந்தக் காலத்துக்கு ஆசியாவில் இது அபூர்வம். 250ஐ வைத்து வாழ முடியாது, ஆனால் யாரும் வெறுங்கையாக இல்லை. இதற்கு மேல் 2023 ஜூலையில் வந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் பங்கு 8.5 சதவீதம்.

மருத்துவத்தில் புருணைக் குடிமகன் அரசு மருந்தகத்தில் பதிவுக்குக் கொடுப்பது 1 டாலர். உள்ளூரில் முடியாத சிகிச்சை என்றால் அரசே செலவு ஏற்று வெளிநாட்டுக்கு அனுப்பும், பெரும்பாலும் சிங்கப்பூருக்கு. யோசித்துப் பாருங்கள், சிங்கப்பூரின் நல்ல மருத்துவமனையில் பில் பார்க்காமல் படுக்கிற ஆள் புருணைக்காரர். சிங்கப்பூர்க்காரர் ஏ, பி1, பி2, சி என்று வார்டு பார்த்துப் படுக்கிறார். சி வார்டில் வருமானத்தைப் பொறுத்து 80 சதவீதம் வரை மானியம், மிச்சத்துக்கு மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, அதற்கும் மிச்சத்துக்குச் சேம நிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவ், கடைசியில் ரொக்கம். இந்த அடுக்கைப் புரிந்துகொள்ளாமல் பி1 வார்டை ஆசைப்பட்டுக் கேட்டால் மானியம் சுருங்கும், பில் பல மடங்கு ஏறும். ஆனால் ஆயுளைக் கேட்டால் சிங்கப்பூரில் 83 சுற்றி, புருணையில் 75 சுற்றி. இலவசமாகக் கிடைப்பதும் நன்றாகக் கிடைப்பதும் ஒன்றல்ல.

சாலை

இங்கேதான் இரண்டு நாடும் எதிரெதிர் துருவம். புருணையில் பெட்ரோல் லிட்டர் 53 காசு. 40 லிட்டர் தொட்டி நிரப்ப 21 டாலர் 20 காசு. சிங்கப்பூரில் அதே தொட்டிக்கு 100 டாலருக்கு மேல். வெளிநாட்டுப் பதிவு வண்டி புருணைக்குள் வந்தால் இந்த மானிய விலை கிடையாது.

காரின் விலையைப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூரில் இறக்குமதி மதிப்பு 20,000 டாலர் உள்ள கார். கலால் தீர்வை 20 சதவீதம், 4,000. இரண்டின் மேலும் 9 சதவீத வரி, 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு நூற்றுக்கு நூறு, ஆக 20,000. பதிவு 350. இதுவரை 46,510. இதற்கு மேல் வாகன உரிமைச் சான்றிதழ். மாதம் இருமுறை ஏலம், ஆயுள் பத்து ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கே அது 1,06,000 டாலரைத் தொட்டது. ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து, விற்பவரின் லாபம் தனி, பத்தாண்டில் சான்றிதழ் காலாவதியாகும் ஒரு சாதாரண கார். கொடுமை என்று தோன்றும். 1987 நவம்பரில் ஓடத் தொடங்கிய எம்ஆர்டி ரயிலும் நேரத்துக்கு வரும் பேருந்தும் இருப்பதால்தான் இந்த விலையை ஒரு அரசியல் கட்சி தாங்கி நிற்க முடிகிறது.

புருணையில் கார் இல்லாதவர் பாடு கஷ்டம். பேருந்துகள் குறைவு, இருட்டினால் நின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு மூன்று கார் என்பது வசதி அல்ல, தேவை. ஆனால் சாலை நன்றாக இருக்கிறது. நாடே இரண்டு துண்டு. நடுவில் மலேசியாவின் லிம்பாங். முன்பு தெம்புரோங் மாவட்டத்துக்குக் காரில் போக, சொந்த நாட்டின் இன்னொரு பாதிக்குக் கடவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் திறந்த சுமார் 30 கிலோமீட்டர்ப் பாலம் அந்தத் தொல்லையை ஒழித்தது. பத்தாயிரம் பேர் அளவே இருக்கும் மாவட்டத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இது செய்திருக்க வேண்டிய வேலை.

வாரக் கடைசியில் இரண்டு நாட்டாரும் ஒன்றுபோலச் செய்கிற வேலை ஒன்று உண்டு: மலேசியாவுக்கு ஓடுவது. சிங்கப்பூர்க்காரர் ஜோகூர் பாருவுக்கு. புறப்படும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. புருணைக்காரர் சுங்கை தூஜோ சாவடி வழியாக மிரிக்கு. பெட்ரோல் வீட்டிலேயே மலிவு, ரிங்கிட்டில் மளிகையும் சினிமாவும், வேண்டியவருக்கு பீரும். உள்ளூரில் 1991 முதல் மது விற்பனை கிடையாது. முஸ்லிம் அல்லாத பயணி இரண்டு பாட்டில் மதுவும் பன்னிரண்டு கேன் பீரும் கொண்டுவந்து, விமானநிலையத்தில் மஞ்சள் படிவம் நிரப்பி, தனியிடத்தில் குடிக்கலாம். வெள்ளிக்கிழமை 12 முதல் 2 மணிவரை கடைகள் மூடல். காடோங் இரவுச் சந்தையில் ஒரு டாலருக்கு நாசி கத்தோக் கிடைக்கும்: பழுப்புத் தாளில் சோறு, ஒரு துண்டு பொரித்த கோழி, சம்பல். சிங்கப்பூரில் அந்தக் காசுக்கு இன்று ஒரு கோப்பியும் வராது.

ஆட்சி

புருணையில் சுல்தான் ஹசனல் போல்கியா 1967 அக்டோபர் 5 முதல் அரசர். பிரதமர், நிதி, பாதுகாப்பு, வெளியுறவு நான்கும் அவரிடமே. 1962 டிசம்பரில் அசாஹரியின் மக்கள் கட்சி நடத்திய கிளர்ச்சியை பிரிட்டிஷ் படை அடக்கியபோது போட்ட நெருக்கடிநிலை, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. 2004இல் சட்டமன்றம் திரும்ப வந்தது. உறுப்பினர்கள் பொதுத்தேர்தலில் வருபவர்கள் அல்ல. அதே ஆண்டுத் திருத்தத்தில் அரசமைப்பின் 84பி பிரிவு, சுல்தான் சொந்த நிலையிலும் பதவி நிலையிலும் தவறு செய்ய மாட்டார் என்று எழுதிவைத்தது. இப்போது வீட்டு வரிசை நீளம் என்று புகார் சொல்ல வேண்டுமென்றால் எங்கே போவது? கிராமத் தலைவரிடம் சொல்லலாம், சட்டமன்ற உறுப்பினர் மார்ச் மாதக் கூட்டத்தில் பணிவாகக் கேட்கலாம், சுல்தான் திடீரென்று ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து அதிகாரிகளைக் கடிந்துகொள்ளலாம். கடைசியாகச் சொன்னது உண்மையாகவே நடப்பது, பலனும் தருவது. ஆனால் அது முறை அல்ல, அருள்.

சிங்கப்பூரில் 1959 முதல் மக்கள் செயல் கட்சிதான். 2025 மே 3 தேர்தலில் 97 இடங்களில் 87, வாக்குகளில் 65.57 சதவீதம், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 10. மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழான வாக்கு பத்தில் ஒன்பது பங்கு இடமாக மாறுவது, பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி முறையின் வேலை. பத்திரிகை அடக்கம். 2019இன் பொய்ச்செய்திச் சட்டத்தில் எது பொய் என்று முதலில் தீர்மானிப்பது அமைச்சர். ஆனாலும் வாக்குப்பெட்டி உண்மையானது. ஒவ்வொரு வாரமும் மக்களைச் சந்திக்கும் கூட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் முன்னால் போய் உட்கார்ந்து வீவக கடிதத்தைக் காட்டலாம். முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறை. அமைச்சருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் தரும் நாட்டில் அது நடந்தது என்று சிரிப்பவர்கள் உண்டு. நடந்ததே என்பதுதான் என் பார்வையில் முக்கியம்.

தண்டனை விஷயத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் சொல்வதும் நடப்பதும் வேறு. 2019 ஏப்ரலில் புருணை ஷரியா தண்டனைச் சட்டத்தை முழுதாகக் கொண்டுவந்தபோது, கல்லெறிந்து கொல்லும் பிரிவுக்காக உலகமே கொதித்தது. அடுத்த மாதம் சுல்தான் மரண தண்டனை நிறுத்திவைப்பு அதற்கும் பொருந்தும் என்றார். புருணையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1957இல். சிங்கப்பூரில் 2022இல் மட்டும் பதினொரு பேர், எல்லாம் போதைப்பொருள் வழக்கு. அவர்களில் ஒருவர் 42.72 கிராம் ஹெராயின் கொண்டுவந்த மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம். 15 கிராமைத் தாண்டினால் மரணம் என்பது சட்டம். எழுதிவைத்திருப்பதைச் செய்வது சிங்கப்பூர். எழுதிவைத்து அச்சமாக வைத்திருப்பது புருணை. இதில் எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

யாருக்கு

புருணையின் சலுகை எல்லாம் குடிமகன் என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. 1961 குடியுரிமைச் சட்டப்படி பெலாயிட், பிசாயா, புருணை, டூசுன், கெடாயான், மூருட், தூத்தோங் ஆகிய ஏழு மலாய் வகுப்பினருக்கு அது பிறப்பிலேயே உறுதி. தலைமுறைகளாக அங்கேயே வாழும் சீனர்களில் பலர் மலாய்மொழித் தேர்வும் காத்திருப்பும் தாண்ட முடியாமல் நாடற்றவர்களாக இருக்கிறார்கள். கடவுச்சீட்டுக்குப் பதில் ஓர் அடையாளச் சான்றிதழ் மட்டும். அவர்கள் பெயரில் நிலம் பதியாது. அவர்களுக்கு வரியில்லா நாடு என்பது அரைக் கதை.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று, தீபாவளி விடுமுறை, 2023இல் 70 சதவீத வாக்கோடு வந்த அதிபர் தர்மன் சண்முகரத்னம். புருணையில் துணிக்கடையும் தேநீர்க்கடையும் நடத்தும் தமிழ் முஸ்லிம்கள் உண்டு, தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. கிறிஸ்துமசுக்கு விடுமுறை உண்டு, பொது இடத்தில் அலங்காரம் வைக்கத் தடை! பிள்ளைகளின் படிப்பு முக்கியமென்றால் யோசிக்கவே வேண்டாம்: பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசாவின் 2022 கணிதத் தேர்வில் சிங்கப்பூர் 575, உலகில் முதல். புருணை 442. ஆனால் அந்த 575க்குப் பின்னால் பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் டியூஷன் செலவும் இருக்கின்றன. ஆண்பிள்ளைக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை கட்டாயம். நிரந்தரவாசம் எடுக்கும் குடும்பங்கள் மகனின் வயதைப் பார்த்து முடிவெடுப்பது இதனால்தான். புருணையில் கட்டாய ராணுவம் இல்லை. வேலையும் சுலபமாக இல்லை: 2017 கணக்கில் வேலையின்மை 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. படித்தவர்கள் அரசு வேலைக்கே காத்திருப்பது, தனியார் சம்பளம் அதற்கு எட்டாதது இரண்டும் சேர்ந்த விளைவு அது.

ஊரிலிருந்து வேலை அனுமதியில் போகிறவருக்கு மேலே சொன்ன வீடு, ஓய்வூதியம், ஒரு டாலர் வைத்தியம் எதுவும் எந்த நாட்டிலும் இல்லை. இரண்டிலும் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சிங்கப்பூரில் அதற்கு மாதம் 6,000 டாலர் சம்பளமுள்ள உயர்வகை பாஸ் வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் பிடித்துக்கொள்ள எழுத்து இருக்கிறது. புறப்படும் முன் மனிதவள அமைச்சின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கையில் வர வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளமும் படிகளும் பிடித்தங்களும் தனித்தனியாக இருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகையை அதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் முதலாளி அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. மலேசியர் அல்லாத தொழிலாளிக்கு 5,000 டாலர் பிணைத்தொகை முதலாளியின் பொறுப்பு, உங்களிடம் வசூலிப்பது குற்றம். சிங்கப்பூர் முகவர் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. ஊரில் இருக்கும் முகவருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் லட்சங்களுக்கு இந்த வரம்பு எட்டாது, கடனில் மூழ்குவது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். எனவே கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் கடவுச்சீட்டையும் கொடுக்காதீர்கள்.